வெல்டா போட்ட ஓட்டை

வெல்டா கிம்பல் எந்த ஜாடியையும் முகம் பார்த்து வரவேற்றவள் இல்லை. கைக்கு வந்ததும் தலைகீழாகக் கவிழ்த்து அடியைத்தான் முதலில் பார்ப்பாள். "மூஞ்சிய யாரு வேணா பூசிக்கலாம். பொய் சொல்லத் தெரியாத எடம் அடிப்பக்கம்தான்" என்பது அவள் கட்சி. மனிதர்களையும் அப்படிக் கவிழ்த்துப் பார்க்க முடியவில்லையே என்ற குறை அவளுக்குக் கடைசிவரை இருந்தது.

ஒஹாயோவின் ஃபேர்லி ஊரில் வியாழக்கிழமைதோறும் ஏலக் கொட்டகை திறக்கும். அங்கே வரும் மண்பாண்டங்களை முன்கூட்டியே பார்த்து, இது எந்தச் சூளைச் சரக்கு, எந்தக் காலத்தது, எவ்வளவு போகும் என்று சொல்வது முப்பது வருடமாக அவள் வேலை. வாய்விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டுவாள். விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்ப்பாள். கணீரென்றால் முழுசு. சொத்தென்றால் எங்கேயோ விரிசல். முட்டைக்கோஸ் ஊறப்போடும் பெரிய ஜாடிகளில் நீலத்தில் பறவை வரைந்திருந்தால் விலை ஏறும் என்பதால், வெறும் ஜாடியில் புதிதாகப் பறவையை வரைந்து கொண்டுவருகிறவர்களும் உண்டு. அந்தப் பறவைமேல் வெல்டா கட்டைவிரலை வைத்துத் தேய்ப்பாள். சூளையில் உப்புத் தூவி ஏற்றிய மெருகுக்குக் கீழே நீலம் இருந்தால் வழுக்கும், மேலே இருந்தால் தடுக்கும். தடுக்கிவிட்டால் கொண்டுவந்தவன் கதி அதோகதிதான். கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்வாள்.

போலியைக்கூட மன்னிப்பாள், ஓட்டையை மன்னிக்க மாட்டாள். ஒரு காலத்தில் அந்த மாவட்டத்துக்கே ஒரு பித்துப் பிடித்தது. தாத்தா காலத்து ஜாடியை எடுத்து, அடியில் ஓட்டை போட்டு, மின்கம்பி விட்டு, மேலே துணித் தொப்பி மாட்டி, மேஜை விளக்கு ஆக்கிவிட்டார்கள். இரும்புக்கடை வெண்டல் ஷூப்தான் ஊருக்கே ஓட்டை போட்டவன். அவனை வெல்டா நேருக்கு நேராகவே கொலைகாரன் என்பாள். அந்த விளக்குகள் இன்றைக்கும் ஏலத்துக்கு வரும்.

"நீலப் பறவை போட்டது, வெல்டா. அசல். எவ்வளவு போகும்?" என்று கேட்டாள் ஒருத்தி.

"அடில என்ன?"

"எங்க வீட்டுக்காரர் வெண்டல்கிட்ட குடுத்து ஓட்டை போட்டாரு. வெளக்கு எரிஞ்சா என்ன அழகா இருக்கும் தெரியுமா?"

"ஓட்டை விழுந்ததுக்கு எங்கிட்ட வெல இல்ல. கொண்டுபோய்ச் செடி நடு."

இந்த ஒரே பதிலை எத்தனை பேர் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று கணக்கில்லை. ஓட்டை விழுந்த சாமான் ஏலமேடை ஏறினால் தான் இறங்கிவிடுவேன் என்று முதலாளியிடமே சொல்லி வைத்திருந்தாள்.

அந்த மண்ணில் களிமண்ணும் நிலக்கரியும்தான் விளைச்சல். இரண்டையும் வைத்து ஆலைகள் சாக்கடைக் குழாய் செய்து நாடு முழுக்க அனுப்பின. வேலை முடிந்ததும் ஆட்கள் மிச்சக் களியில் நாய், சிங்கம், தவளை என்று எதையாவது பிடித்து, குழாய்களோடு குழாயாகச் சூளைக்குள் தள்ளிவிடுவார்கள். முதலாளியின் நெருப்பு, தங்கள் கைவேலை. முத்திரை கிடையாது, பெயர் கிடையாது. அவை வீட்டுக்கு வந்து கதவு மூடிக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும். வெல்டா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு சிங்கம் ஏலத்துக்கு வந்தது. இரண்டு டாலருக்கு முடிக்கப் போனபோது எழுந்து நின்று, "இதுக்கு மேல கேக்க ஆள் இல்லன்னா நானே எடுத்துக்கறேன். ஆனா இது சிரிக்கிற விஷயம் இல்ல" என்றாள். அப்போதும் சிரித்தார்கள். பிறகு அவள் சொன்ன விலைகள் சேகரிப்பாளர்களின் பத்திரிகைகளில் ஏறின. வெளியூர் வண்டிகள் வர ஆரம்பித்தன. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுந்ததாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. வெல்டாவின் கதையும் அப்படித்தான் ஆகப் பார்த்தது.

அவளுடைய அப்பா எம்மெட் அந்தக் குழாய் ஆலையில்தான் வேலை பார்த்தார். சூளையின் வளைவுக் கூரை மேலே இடிந்து விழுந்து செத்தார். வெல்டா அப்போது எட்டு வயதுப் பெண். தம்பி லொவெல் ஐந்து வயதுப் பொடியன். கல்லறைக்குக் கல் வைக்கக் குடும்பத்திடம் காசில்லை. கூட வேலை பார்த்தவர்கள் யாரையும் கேட்காமல் ஆலைக் களியிலேயே ஒன்று செய்து, சுட்டு, தள்ளுவண்டியில் கொண்டுவந்து நட்டுவிட்டுப் போனார்கள். இடுப்பளவு உயரத்தில் வெட்டுப்பட்ட மரத்தின் அடிக்கட்டை. பட்டையின் ஒவ்வொரு வரியும் முள்கரண்டியால் கீறியது. உச்சியில் பூச்செருக ஒரு குழி, உள்ளே அடிவரை போகும். கட்டையை ஒட்டி எம்மெட்டின் நாய் டியூக், அசல் டியூக்கைப் போலவே முறைத்துக்கொண்டு நிற்கும். பின்பக்கத்தில், அந்த ஷிப்ட்டின் ஆட்கள் ஒவ்வொருவரும் ஈரக்களியில் கட்டைவிரலை அழுத்தியிருந்தார்கள். கையெழுத்தெல்லாம் அவர்களுக்கு எதற்கு?

கல்யாணம் என்ற பேச்சையே எடுக்காமல் ஐம்பத்தாறு வயது வரை தனியாக இருந்த வெல்டா, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த டியூக்கின் தலையைத் தடவிவிட்டு வருவாள். உலகத்தில் விலை சொல்லாமல் அவள் தொட்ட ஒரே மண்சாமான் அதுதான்.

லொவெல் ஒருநாள் மதியம் வந்து அவள் சமையலறையில் உட்கார்ந்தான். மசித்த உருளைக்கிழங்கின் மேல் கோழி நூடுல்ஸை ஊற்றித் தந்தாள். பாதி தின்றபின் வாயைத் திறந்தான்.

"அப்பாவுக்கு ஒரு நல்ல கல்லு வெக்கப் போறேன். கறுப்பு கிரானைட்."

"வையேன். பக்கத்துல எடம் இருக்கே."

"பக்கத்துல இல்ல. அத எடுத்துட்டு." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஆஷ்வொர்த்னு ஒருத்தர், கனெக்டிகட் ஆளு, பழஞ்சாமான் வியாபாரி. ஒம்பதாயிரம் டாலர் குடுத்து, கல்லும் அவரே வெச்சுத் தராராம். சனிக்கெழம காலைல வண்டியோட வராரு. எடம் எம் பேர்லதானே இருக்கு, சரின்னுட்டேன்."

"அப்பா தலமாட்டுல இருக்கறத வித்துட்டு வந்து எம் மேஜைல உக்காந்து கோழி திங்கற."

"தலமாட்டுல என்ன இருக்கு? சாக்கடைக் கொழாய்!" லொவெல் கரண்டியைக் கீழே வைத்தான். "ஸ்கூல்ல எனக்கு என்ன பேரு தெரியுமா? சாக்கடைக் கிம்பல். உங்கப்பன பொதைச்சாங்களா, இல்ல ஊத்தி விட்டாங்களான்னு கேட்டான் ஒருத்தன். ஒன்ன எவனும் கேக்கல, கேட்டா நீ பல்லப் பேத்துருப்ப. நான் பேசாம வந்தேன். எனக்கு அவரு மொகம்கூட ஞாபகம் இல்ல வெல்டா. ஞாபகம் இருக்கறதெல்லாம் அந்தப் பேருதான்."

அவன் கடைசியாக ஒன்றைச் சொன்னான். "ஊர்ல எவன் அப்பன் சாமானுக்கும் வெல சொல்லிட்ட. நம்ம அப்பன்னு வந்தா மட்டும் வெல கூடாதா?"

"அவங்களா தூக்கிட்டு வந்ததுக்கு வெல சொன்னேன். மண்ணுலேர்ந்து புடுங்கிட்டு வான்னு எவனையும் சொல்லல."

சொல்லிவிட்டாளே தவிர, அடி பலமாகத்தான் விழுந்திருந்தது. அந்தக் கனெக்டிகட் வண்டிக்கு வழி காட்டியது யார்? அவளேதான். அவள் விலை சொல்லியிராவிட்டால் டியூக் இன்னும் நூறு வருடத்துக்கு நிம்மதியாக நின்றிருப்பான். அவள் தன்மேலேயே கோபப்பட்டாள். ஆனால் வெல்டாவின் கோபம் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை, எழுந்து கோட்டை மாட்டுகிற ரகம்.

நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். முதன்முறையாக அப்பாவின் கட்டையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். மேலே கணீர். கீழே வர வர சொத். குழிக்குள் தண்ணீர் நிற்கிறது. ஒவ்வொரு பனிக்காலமும் உறைந்து, வீங்கி, அடியில் உள்ளிருந்தே மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது. இன்னும் சில பனிக்காலம் போனால் கட்டை இரண்டாகப் பிளக்கும். இதை ஆஷ்வொர்த்திடம் சொன்னால் ஓடிவிடுவானா? மாட்டான். இந்த வியாபாரிகள் விரிசலைப் பழமை என்று சொல்லி விற்பார்கள். அவர்கள் எதற்குத்தான் பயப்படுவார்கள்? அந்தக் கேள்விக்கும் உள்ளே தேங்கிய தண்ணீருக்கும் ஒரே விடை தோன்றியதும், ஆளில்லாத கல்லறைத் தோட்டத்தில் வெல்டா வாய்விட்டுச் சிரித்தாள்.

இரும்புக்கடையில் வெண்டல் ஷூப் அவளைப் பார்த்ததும் கல்லாவுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"என்ன, திட்டறதுக்கு இப்ப வீடு தேடி வர ஆரம்பிச்சிட்டியா?"

"துளைபோடற மெஷின் வேணும். கெட்டியான மண்ணுல எறங்கற மாதிரி முனையும் வேணும்."

வெண்டல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். "ஆண்டவரே! வெல்டா கிம்பல் ஓட்டை போடப் போறா! எதுல?"

சொன்னாள். அவன் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. உள்ளே போய் இருப்பதிலேயே நல்ல முனையை எடுத்து வந்தான்.

"அழுத்தாத. தண்ணி விட்டுக்கிட்டே இரு. அவசரப்பட்டா பொளந்துக்கும். நானும் வரட்டா?"

"வேணாம். இந்தக் கொலை என்னோடது."

சனிக்கிழமை காலையில் ஆஷ்வொர்த்தின் வண்டி வந்தபோது வெல்டா ஏற்கெனவே கோதுமைச் சாக்கை விரித்து முழங்கால் போட்டிருந்தாள். கட்டையின் அடி எங்கே தாழ்ந்திருக்கிறதோ, டியூக்கின் பின்னங்காலுக்குக் கொஞ்சம் முன்னால், வயிற்றுக்கடியில், முனை உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. செம்பழுப்புக் குழம்பு வழிந்து அவள் கையெல்லாம் அப்பியிருந்தது. லொவெல் கட்டையைச் சுற்றிக் கட்டக் கொண்டுவந்த கம்பளிகளோடு அப்படியே நின்றுவிட்டான்.

"வெல்டா! என்ன பண்ற?"

ஆஷ்வொர்த் ஓடியே வந்தான். நல்ல உயரம், நல்ல கோட்டு, அதைவிட நல்ல பழுப்பு நிற பூட்ஸ். அவளருகே வந்து குனிந்தான். "நிறுத்துங்க, மிஸ் கிம்பல்! நிறுத்துங்க! நீங்க என்ன செய்றீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியாமலா?" வெல்டா தலையைத் தூக்கவில்லை. "நீங்க பத்திரிகைல படிச்சுட்டு வந்த வெலையச் சொன்னதே நான்தான். ஏத்தத் தெரிஞ்சவளுக்கு எறக்கவும் தெரியும்."

முனை சட்டென்று இலகுவானது. வெல்டா பின்னுக்கு இழுத்தாள். நாற்பத்தெட்டு வருட மழையும் பனியும் மக்கிய இலையும் ஒன்றாக ஊறிக் கறுத்த தண்ணீர், டியூக்கின் வயிற்றுக்கடியிலிருந்து வளைவாகப் பீய்ச்சிக்கொண்டு வந்து, கனெக்டிகட் பூட்ஸை நனைத்தது. ஆஷ்வொர்த் ஒரு கால் பின்னால் வைத்தான். அங்கேயும் நனைத்தது.

முதலில் ஒரு விக்கல் மாதிரிச் சத்தம் கேட்டது. லொவெல்தான். கம்பளிகளைக் கீழே போட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"பாதிரியார்!" என்றான். மூச்சு வாங்கியது. "வெல்டா, பாதிரியார் பூட்ஸ் மேல! நம்ம வாசல்ல! டியூக் கால தூக்குச்சே, அப்பா கதவப் புடிச்சுக்கிட்டு இப்படித்தான்... அப்பா இப்படித்தான் சிரிச்சாரு. ஒரு பல்லு இல்ல அவருக்கு. இந்தப் பக்கம்." தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினான். தொட்ட விரல் அங்கேயே நின்றது.

"ஆமா," என்றாள் வெல்டா. "இந்தப் பக்கந்தான்."

ஆஷ்வொர்த் கைக்குட்டையால் பூட்ஸைத் துடைத்தான். வியாபாரி அல்லவா, அதற்குள் யோசித்துவிட்டான். "ஒண்ணும் கெட்டுப் போகல. அடைச்சுடலாம். எங்கிட்ட ஒரு ஆளு இருக்கான், எங்க அடைச்சான்னே தெரியாது."

"அடைங்க," என்று எழுந்தாள் வெல்டா. முழங்காலிலிருந்து களி சொட்டியது. "எந்த ஊரு ஏலத்துல கொண்டு வெச்சாலும் நான் பஸ் ஏறி வருவேன். மொத வரிசைல உக்காந்து, நாய்க்கு அடில வெரலை வெச்சுக் காட்டுவேன். நான் காட்டினா நம்புவாங்க. அது ஒங்களுக்கே தெரியும்."

அது அவனுக்குத் தெரிந்திருந்தது. அவளை விட்டு லொவெல் பக்கம் திரும்பினான். "மிஸ்டர் கிம்பல், நாம பேசி முடிச்சது என்னாச்சு? கல்லு வேற சொல்லியாச்சு."

லொவெல் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டையைச் சுற்றிப் பின்பக்கம் போனான். வேலி ஓரமாக இருந்ததால் அந்தப் பக்கம் அவன் போனதே இல்லை. கட்டைவிரல் பதிவுகளைக் குனிந்து பார்த்தான். ஒன்றில் தன் விரலை வைத்தான். அது அவன் விரலைவிடப் பெரியதாக இருந்தது. நிமிர்ந்தபோது சாக்கடைக் கிம்பல் என்ற பேரை நாற்பது வருடம் சுமந்த ஆள் கட்டைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"ஓட்டை விழுந்ததுக்கு எங்க வீட்டுல வெல இல்லைங்க," என்றான். "நாங்க செடி நடப் போறோம்."