தாளில் மடிக்காத காசு

சுத்தியலால் அடித்த காசைத்தான் ஞானமுத்து காசு என்று ஒத்துக்கொள்வார். இயந்திரத்தில் அச்சானது எதுவானாலும் அவருக்குப் பொத்தான். "பொத்தான் வேணும்னா தையக்கடைக்குப் போக மாட்டேனா? உங்க கடைக்கு ஏன் வர்றேன்?" என்று பழங்காசு விற்கும் இப்ராஹிமைச் சீண்டுவார். "தையக்காரன் கடன் குடுக்க மாட்டானே, அதான் இங்க வர்றீங்க" என்பார் இப்ராஹிம்.

இப்ராஹிமின் கடை பன்சோடான் தெருவை ஒட்டிய சந்தில், பழைய கட்டடம் ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. சட்டென்று நிமிர்ந்தால் தலை இடிக்கும். முன்னால் தபால்தலையும் நின்றுபோன கைக்கடிகாரங்களும் ஜப்பான்காரன் காலத்து நோட்டுகளும் கிடக்கும். நல்ல சரக்கு உள்ளே இரும்புப் பெட்டியில்.

ஞானமுத்துவின் தொழில் தராசு பழுதுபார்ப்பது. அலோன் துறைமுகத்துக் கிடங்குகளில் அரிசி மூட்டை ஏறும் மேடைத் தராசுகளை அவர் அப்பா பார்த்தார், பிறகு இவர் பார்த்தார். அந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு: அடுத்தவன் தராசைச் சோதிக்கப் போகுமுன் உன் படிக்கல்லைச் சோதித்துக்கொள். ஞானமுத்து தன் படிக்கற்களை எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார். விரல் பட்டால் வியர்வை எடை ஏறும் என்று அவற்றைக் கிடுக்கியால்தான் தூக்குவார்.

காசுப் பைத்தியமும் தராசிலிருந்துதான் பிடித்தது. இளவயதில் ஒரு கிடங்கில் பழைய சின்னத் தராசு ஒன்றைப் பிரித்தபோது, தட்டின் அடியில் மெழுகால் ஒட்டிய வெள்ளித் துண்டு ஒன்று இருந்தது. எப்போதோ எவனோ எடைக்குறைவை ஈடுகட்ட ஒட்டியது. மெழுகைச் சுரண்டினால் ஒரு ராஜாவின் முகம். குழந்தை கரியால் சுவரில் கிறுக்கியது போல இரண்டு கண், ஒரு கிரீடம். எழுநூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்துப் பென்னி அது என்று இப்ராஹிம்தான் சொன்னார். எந்தத் துரை எதற்காகக் கொண்டுவந்தானோ, சண்டைக் காலத்தில் எப்படிக் கைமாறியதோ, யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து நடைபாதைப் புத்தகக் கடைகளில் கிழிந்த காசு விலைப்பட்டியல்களைப் பொறுக்கி எடுத்துப் படித்தார். லண்டன் வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதினார். ஒன்றிரண்டு பென்னி, எலிசபெத் ராணி காலத்து ஆறு பென்ஸ் ஒன்று என்று தபாலில் வந்தன. பிறகு பணம் அனுப்பும் வழி அடைபட்டது, தபாலையும் நம்ப முடியாமல் போனது. ஊரில் உள்ள வியாபாரிகளிடம் வருவதுதான் மிச்சம்.

அந்தக் காலத்துக் காசைக் கையால்தான் அடித்தார்கள். கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, நடுவில் தகடு, ஓங்கி ஓர் அடி. அடி சாய்ந்தால் ராஜா ஓரத்துக்குப் போய்விடுவார். தகடு துள்ளினால் எழுத்து இரட்டிக்கும். அடி பலமானால் விளிம்பு வெடிக்கும். ஆகவே ஒன்றைப் போல இன்னொன்று இருக்கவே இருக்காது. ஒரே வெடிப்பும் ஒரே இரட்டிப்பும் இரண்டு காசுகளில் இருந்தால், ஒன்றிலிருந்து மற்றொன்றை அச்செடுத்து உருக்கி ஊற்றியிருக்கிறான் என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிப்பதில் ஞானமுத்துவின் கண்ணுக்குச் சந்தில் பேர் உண்டு.

சந்துக்கு ஒரு வழக்கமும் உண்டு. சந்தேகமான காசை ஊரறிந்த கண்ணுள்ளவர் முன் வைப்பார்கள். அவர் பார்ப்பார். நல்லது என்றால் வெள்ளைத் தாளில் தானே மடித்து உடையவர் கையில் கொடுப்பார். இல்லையென்றால் ஒற்றை விரலால் வெறுமனே திருப்பித் தள்ளிவிடுவார். பொய் என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. ஏன் என்று யாரும் கேட்பதுமில்லை. கேட்டால் பார்த்தவருக்கும் அவமானம், விற்பவருக்கும் அவமானம்.

ஞானமுத்துவிடம் பொன் காசு ஒன்றே ஒன்று இருந்தது. ஒரு பக்கம் மிக்கேல் சம்மனசு என்னும் வானதூதர் வலுசர்ப்பத்தை ஈட்டியால் குத்துவார். மறுபக்கம் சிலுவையையே பாய்மரமாக வைத்த கப்பல். மனைவி மக்தலேனாவின் வளையல்களை விற்று, இப்ராஹிமுக்குப் போட்டியாக இருந்த வேறொரு வியாபாரியிடம் அதை வாங்கினார். அந்த ஆள் பிறகு கடையை மூடிக்கொண்டு மௌல்மேன் போய் அங்கேயே செத்தான். தெரிந்தால் கோபித்துக்கொள்வார் என்று இப்ராஹிமிடம் சொல்லவில்லை. வருடங்கள் ஏற ஏறச் சொல்வது இன்னும் கஷ்டமானது. பட்டாளம் வீடு வீடாகச் சோதனை போடத் தொடங்கியபின் அந்தோணியார் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். சம்மனசின் இறக்கையருகே விளிம்பில் மயிரிழை வெடிப்பு, கப்பலுக்கு மேலே இரட்டித்த ஓர் எழுத்து. கண்ணை மூடினாலும் அவருக்குத் தெரியும்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சட்டம் வந்த வருடம், அடைமழைக் காலத்தில், இப்ராஹிம் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

கடையில் பிரேம்நாத் உட்கார்ந்திருந்தார். சிங்கப்பூரில் பழங்காசு வியாபாரம் செய்பவர். இப்ராஹிமின் ஒரே மகன் ஆமிர் மாடிப்படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் சீட்டுக் குலுக்கலில் விழுந்துவிட்டது என்று சந்துக்கே தெரியும்.

"வாங்க கோ ஞானம். லப்பேயே குடிக்கிறீங்களா?" ஊர் வழக்கப்படி அண்ணன் முறை வைத்து அழைத்து, தேநீர்க்கடைப் பக்கம் கையைக் காட்டினார் இப்ராஹிம். குரலில் வழக்கமான நக்கல் இல்லை.

"முதல்ல சமாச்சாரத்தைச் சொல்லுங்க."

"வாப்பா வச்சிட்டுப் போனது. விக்கவே கூடாதுன்னு இருந்தேன். இப்ப இவன ஏஜெண்டு மூலமா ஏரோப்ளேன்ல ஏத்தணும். காசா வித்தாத்தான் அந்த அளவுக்கு வரும். தங்கமா வித்தா ஒரு மூலைக்கும் பத்தாது."

பிரேம்நாத் சிரித்தார். "எனக்கு இந்த அடிச்ச காசுல கண்ணு பத்தாது சார். நீங்க மடிச்சுக் குடுத்தா நான் எடுத்துக்கிறேன். வேற யாரையும் கேக்க மாட்டேன்."

இப்ராஹிம் துணியைப் பிரித்தார். மிக்கேல் சம்மனசு.

ஞானமுத்து லென்ஸை எடுத்தார். இறக்கையருகே மயிரிழை வெடிப்பு. கப்பலுக்கு மேலே அதே எழுத்து, அதே இரட்டிப்பு. இரண்டில் எது அசல் என்ற கேள்வியே அவர் மனதில் எழவில்லை. அசல் வீட்டில் அந்தோணியாருக்குப் பின்னால் இருக்கிறது. அப்படியானால் இது ஊற்றியது. எடை போட்டார். எடை இம்மி பிசகாமல் இருந்தது. எடைகூடப் பார்த்துச் செய்திருக்கிறான் திருடன் என்று நினைத்தார். கப்பல் பக்கத்தைத் திருப்பினார். விளிம்பு வெடிப்பு அந்தப் பக்கமும் தெரிந்தது. கண் அதைப் பார்த்தது, மனம் வாங்கிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு எடுத்துப்போய் ஒப்பிட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால், எதோடு ஒப்பிட? பக்கத்தில் பிரேம்நாத் வேறு இருக்கிறார். இத்தனை வருடம் மறைத்ததைப் பிள்ளையின் ஆபத்து நேரத்தில் அப்பன் முன்னால் அவிழ்ப்பதா?

ஒற்றை விரலால் காசைத் திருப்பித் தள்ளினார்.

பிரேம்நாத் கோப்பையை எடுத்து மிச்சத் தேநீரைக் குடித்தார். "இந்த வருஷம் மழை ஜாஸ்திதான்" என்றார். இப்ராஹிம் துணியைச் சுருட்டத் தொடங்கினார்.

மாடிப்படியிலிருந்து ஆமிர் எழுந்து வந்து ஞானமுத்துவை மாமா முறையில் கூப்பிட்டான். "ஊலே, இன்னொரு தடவை பாருங்க. எங்க தாத்தா பொய்க் காசு வாங்க மாட்டாரு."

"டேய், போய் உக்காரு" என்றார் இப்ராஹிம். "ஊலேகிட்ட அப்படிக் கேக்கக் கூடாது."

மறுநாள் காலை கரண்ட் இல்லை. ஞானமுத்து தன் காசை எடுத்துக்கொண்டு பால்கனி வெளிச்சத்துக்கு வந்தார். ஜெயித்ததை அனுபவிக்கும் ஆசை கொஞ்சம் இருந்தது; அதை அவராலேயே பிறகு தன்னிடம் மறைக்க முடியவில்லை. சம்மனசைப் பார்த்தார், வெடிப்பைப் பார்த்தார், திருப்பினார்.

கப்பல் பக்கத்து விளிம்பில் வெடிப்பு இல்லை. அராவித் தேய்த்தது போல வழவழவென்று முழுசாக இருந்தது.

அடி விழுந்து வெடித்த விளிம்பு இரண்டு பக்கமும் வெடித்திருக்க வேண்டும். மக்தலேனாவின் தையல் பெட்டியிலிருந்து ஊசி எடுத்து வெடிப்பில் விட்டார். அது வெடிப்பே இல்லை, அடியுள்ள பள்ளம். எழுத்துகளின் மூலையில் குண்டூசி முனையளவு குழிகள். உருக்கி ஊற்றும்போது காற்று நின்ற இடங்கள். எடை எப்போதும் கொஞ்சம் குறைவு. தேய்மானம் என்று இத்தனை வருடம் தனக்கே சமாதானம் சொல்லி வந்தார். ஊரிலுள்ள தராசுகளுக்கெல்லாம் படிக்கல் சோதித்தவர், இதை ஒரு நாளும் சந்தேகக் கண்ணோடு சோதித்ததில்லை.

மக்தலேனா உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன, என் வளையல் பறந்து போச்சா?"

"இது ஊத்தினது."

அவள் கைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "அப்ப நேத்து கடையில பாத்தது?"

"அதுதான் அசல்."

"அப்ப ஏன் உக்காந்திருக்கீங்க? ஓடிப் போய்ச் சொல்லுங்க."

"சொல்லலாம். பிரேம்நாத் இருக்கும்போது எப்படி..."

"இருக்கும்போதுதானே சொல்லணும். அந்தப் புள்ளைக்கு உங்க மானமா பெருசு?"

போகத்தான் சட்டையை மாட்டினார். கால் அலோன் பக்கம் இழுத்துப் போனது. யாரும் கூப்பிடாத கிடங்கில் போய், பழுதில்லாத தராசு ஒன்றைப் பிரித்துப் பூட்டினார். அடுத்த நாள் தெருவெல்லாம் தண்ணீர் என்று காரணம் கிடைத்தது. ஞாயிறு பூசை முடிந்து போகலாம் என்று பட்டது. பூசையில் நற்கருணை வாங்க எழுந்திருக்கவில்லை. மக்தலேனா திரும்பிப் பார்த்தாள். கோயிலிலிருந்து நேரே பிரேம்நாத் தங்கியிருந்த ஓட்டலுக்குப் போனார். அவர் ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். பிரேம்நாத் மூலமாக எல்லாவற்றையும் நேராக்கிவிட்டு, நல்ல செய்தியோடு இப்ராஹிம் முன் நிற்கலாம் என்று எண்ணியிருந்தார். அந்த வழியும் போனபிறகு, ஒளிய இடமில்லாமல், இன்னும் சில நாள் கழித்துத்தான் சந்துக்குள் நுழைந்தார்.

கடையின் கதவு பாதி திறந்திருந்தது. இப்ராஹிம் விளக்கேற்றாமல் உட்கார்ந்திருந்தார். படியில் யாரும் இல்லை.

"ஆமிர் எங்க?"

"போயிட்டான்" என்றார் இப்ராஹிம். "மொகல் ஸ்ட்ரீட்டுத் தங்கக் கடைக்காரன்கிட்ட குடுத்தேன். கண்ணு முன்னாலேயே குகைச் சட்டியில போட்டு உருக்கினான். ஊத்தின காசுக்குத் தங்க விலைதானே. அந்தப் பணத்துக்கு ரோடு வழியா கூட்டிப் போறவன்தான் கெடச்சான். பார்டருக்கு முந்தியே லாரிய நிறுத்திட்டாங்களாம். நேத்து போன் வந்துச்சு. பட்டாளப் பயிற்சி முகாம்ல இருக்கானாம். சோறு நல்லா போடுறாங்களாம். அப்படிச் சொல்லச் சொல்லியிருப்பாங்க."

ஞானமுத்து நின்றபடியே சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து மேஜையில் வைத்தார்.

இப்ராஹிம் லென்ஸை எடுத்து, காசைக் கதவுப் பக்கத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். விளிம்பை நகத்தால் தடவினார்.

"இது ஜோடிக் காசு" என்றார். "வாப்பா சொல்லுவாரு. இதை வச்சிருந்த தொரைசாணிக்கு ரெண்டு காதுலயும் கம்பிக் கூட்டுல மாட்டணும்னு ஆசை, ஒண்ணுதான் இருந்துச்சு. தட்டான்கிட்ட குடுத்து இன்னொண்ணு ஊத்தச் சொன்னாளாம். வீடு ஏலம் போனப்ப அசலு வாப்பாகிட்ட வந்துச்சு. மத்தது எங்க போச்சுன்னு கடைசி வரைக்கும் தேடினாரு. நீங்க தள்ளினதும், வாப்பாதான் ஏமாந்து ஊத்தினத வாங்கிட்டாருன்னு நெனச்சேன்." லென்ஸையும் காசையும் மேஜையில் வைத்தார். "எத்தனை வருஷமா உங்கள்ட்ட இருக்கு?"

ஞானமுத்து சொன்னார். யாரிடம் வாங்கியது என்பதையும் சொன்னார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கோ ஞானம். என்கிட்டயும் ஒண்ணு இருக்குன்னு."

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு..."

"கோவிச்சிருப்பேன்" என்றார் இப்ராஹிம். "ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அதுக்கு மேல என்ன செஞ்சிருப்பேன்?"

வெளியே மழை மறுபடி பிடித்தது. படிக்கட்டுக்கு மேலே யாரோ வாளியை இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"இதை வச்சுக்கங்க" என்றார் ஞானமுத்து. "தங்கம் தங்கம்தானே. முகாம்ல யாருக்காவது குடுத்து, புள்ளைய வெளிய..."

"இனிமே எடுக்க முடியாது. கேட்டுப் பாத்துட்டேன்." இப்ராஹிம் காசைச் சம்மனசு பக்கம் திருப்பினார். "அசலு எப்படி இருந்துச்சுன்னு தெரியணும்னா இனிமே இதத்தான் பாக்கணும். இல்ல?"

வெள்ளைத் தாள் கட்டு மேஜை மூலையில் இருந்தது. அவர் கை அதன் பக்கம் போவது போலிருந்தது. போகவில்லை. ஒற்றை விரலைக் காசின் மேல் வைத்து, மேஜையின் விளிம்பு வரை மெதுவாகத் தள்ளினார்.

ஏன் என்று ஞானமுத்து கேட்கவில்லை. எடுத்து, அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குனிந்து வெளியே வந்தார்.