ஆட்டம் முடியும் முன் வந்த தங்கம்

பகல் பன்னிரண்டே முக்கால், ஒரே ஒரு காலிக் கட்டம், பரமசிவம்: மாலைப் பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் செய்த எவனுக்கும் தூக்கம் கெட இந்த மூன்றும் போதும். பரமசிவம் என்பவர் எங்கள் தலைமை உதவி ஆசிரியர். காலிக் கட்டம், இந்தியா தோற்றதா ஜெயித்ததா என்று நாங்கள் போடவேண்டிய இடம். ஒரு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகாவிட்டால் ஒன்றரை மணி பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு ஏறாது. பஸ்ஸில் ஏறாத மாலைப் பத்திரிகை மறுநாள் பொட்டலம் மடிக்கத்தான் ஆகும்.

1990இல் பெய்ஜிங் ஆசியப் போட்டி நடந்தபோது மதுரை சிம்மக்கல் பக்கம் இருந்த அந்த அலுவலகத்தில் எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. நீங்களும் அந்த நாட்களில் பதக்கப் பட்டியலைக் கீழிருந்து மேலே படித்தவர்கள்தான், விளக்கத் தேவையில்லை. உங்களுக்கு அது தலைகுனிவு. எங்களுக்கு அதைத் தினமும் கட்டம் போட்டு, கோடு போட்டு, அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்கிற வேலை.

*விழுந்துபோன பூஜ்யம்*

பதக்கப் பட்டியல், வெளியூர்ச் செய்தியைத் தானாகத் தட்டச்சு செய்து தள்ளும் டெலிபிரின்டரில் வரும். நாட்டின் பெயர், பிறகு தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று வரிசையாக எண்கள். ஒருநாள் இந்தியாவுக்கு நேரே இருந்த தங்கப் பூஜ்யம் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. வெள்ளி எண் ஒரு கட்டம் நகர்ந்து தங்கத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்தது. நானும் அப்படியே எடுத்து எழுதினேன். இந்தியாவுக்குத் தங்கம் என்றால் ஒரு நிமிஷமாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் அது தோன்றவில்லை.

மறுநாள் நிர்வாகி கூப்பிட்டு உட்காரச் சொல்லாமலே பேசினார். இன்னொரு தங்கம் தப்பாக வந்தால் அதோடு வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். வெளியே வந்தால் வாசலில் துளசிராம் நிற்கிறார். செல்லூரில் நாலு தறி வைத்திருக்கும் சௌராஷ்டிரக்காரர், எங்கள் பழைய வாசகர். முதல்நாள் மாலை தறிக்காரர்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்து, சந்து முனையில் ஆயிரம் வாலாச் சரம் கொளுத்தியிருக்கிறார். கையில் எங்கள் பத்திரிகை சுருட்டியபடி இருந்தது. கோபப்படவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்: "வெடிச்ச சரத்தத் திரும்பச் சுத்தி வைக்கிறது எப்பிடிங்க சார்?"

*அலங்காநல்லூர் போன்*

அதற்குப் பிறகு போன் மணி அடித்தாலே பட்டியலை இன்னொரு தடவை சரிபார்ப்பேன். தினமும் காலை பதினோரு மணிக்கு ஒரு போன் வரும். வீரணன் என்று அலங்காநல்லூர் பக்கத்து ஆள். பகலில் கரும்பு வெட்டு, சாயங்காலம் ஊர்க் கபடி டீமுக்குக் கேப்டன். பஸ் ஸ்டாப் கடையிலிருந்து பேசுவார். அந்த வருஷம்தான் கபடியை ஆசியப் போட்டியில் முதன்முதலாகச் சேர்த்திருந்தார்கள். மற்ற விளையாட்டில் நம் ஆட்கள் வரிசையாகக் கழன்றுகொண்டிருக்க, வீரணனுக்கு ஒரே கேள்வி: கபடி என்றைக்கு?

"நம்ம ஆட்டம்தானே வீரணா, ஜெயிச்சிருவோம்" என்றேன், எனக்கே நம்பிக்கையில்லாமல். அந்தப் பக்கம் ஒரு பஸ் இரைந்தது. அதையும் மீறி வீரணன் சொன்னார்: "ஹாக்கில தோத்தா டெல்லிக்காரன் தோத்தான்னு சொல்லிக்கிரலாம்ணே. இதுல தோத்தா யாரச் சொல்றது?"

*கையெழுத்து*

கபடியின் கடைசி ஆட்டம் எங்கள் அச்சு நேரத்தில்தான் வந்து மாட்டியது. நான் இரண்டு தலைப்பு எழுதி, இரண்டையும் அச்செழுத்தில் கோத்து வைத்திருந்தேன். ஒன்றில் தங்கம், ஒன்றில் வெள்ளி. பன்னிரண்டே முக்காலுக்கு ஆட்டம் நடந்துகொண்டிருப்பதாக ஒரு வரி வந்தது. அத்தோடு டெலிபிரின்டர் மூச்சுவிடவில்லை. மிஷின் தலையில் தட்டிப் பார்த்தேன். பருத்தி விலை வந்தது. வங்கக் கடலில் காற்றழுத்தம் வந்தது. கபடி வரவில்லை.

பரமசிவம் வெள்ளித் தலைப்பை எடுத்து மேசைக்குக் கீழே போட்டார். "கபடில நம்மள எவன்யா ஜெயிக்கப் போறான்? தங்கத்தப் போடு." எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அச்சுக்குப் போகும் பக்கத்தின் நகலில், பக்கம் செய்தவன் கையெழுத்தும் நேரமும் போடவேண்டும். தப்பு வந்தால் அந்தத் தாளைத்தான் முதலில் தேடுவார்கள். "அண்ணே, நீங்க போடுங்கண்ணே" என்றேன். மனைவி அப்போது மாசமாக இருந்தாள், அதையும் சொன்னேன். அவர் பேனாவைத் திறந்து என் கையில் வைத்தார். "எழுதுனவன் நீ. நான் போட்டா உன் மேல எனக்கு நம்பிக்கை இல்லேன்னு ஆயிரும்ல?"

*எம்புட்டுக்கு எம்புட்டு*

ஒன்று ஐந்து என்று நேரம் போட்டுக் கையெழுத்திட்டேன். ஒன்றரை மணி பஸ்ஸின் கூரையில் கட்டு ஏறியது. அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. டெலிபிரின்டர் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கட்டு தல்லாகுளம் தாண்டியிருக்கும், இப்போது அலங்காநல்லூர்ப் பாதையில் போய்க்கொண்டிருக்கும் என்று மனது பஸ்ஸின் பின்னாலேயே ஓடியது. சைக்கிளில் துரத்தினால் பிடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பரமசிவம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டார்.

இரண்டே காலுக்கு போன் அடித்தது. வீரணன். பின்னால் ஒரே கூச்சல், விசில், யாரோ யாரையோ அதட்டுகிற சத்தம். பேப்பர் வந்துவிட்டதாம், ஊரே ரோட்டில் நிற்கிறதாம். என் கண் டெலிபிரின்டரில்தான் இருந்தது. வீரணன் கத்தினார்: "எல்லாம் சரிதேன். தங்கம்னு இம்புட்டுப் பெருசாப் போட்டிருக்கீக, எம்புட்டுக்கு எம்புட்டுன்னு போடலையேண்ணே?"

நாளைக்கு வரும் என்று சொல்லி போனை வைத்தேன். எத்தனை பாயிண்ட் என்று இல்லாத தலைப்பின் ஓட்டையைக் கண்டுபிடிக்க எங்கள் அலுவலகத்தில் ஆளில்லை, ஒரு கபடிக்காரன் வேண்டியிருந்தது. இன்னும் பத்து நிமிஷம் போயிற்று. மிஷின் கடகடத்தது. இந்தியாவுக்குக் கபடியில் தங்கம். அந்தப் போட்டியில் இந்தியா வாங்கிய ஒரே தங்கம் அதுதான். பரமசிவம் டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பொய் எங்கய்யா சொன்னோம்? கொஞ்சம் முந்திச் சொன்னோம்."

*ரேடியோ கேட்டவர்*

அந்த மாதமே வேலை நிரந்தரமானது. அந்தத் தந்திரமும் நிரந்தரமானது. அலுவலகத்தில் அதற்கு 'பரமசிவம் தங்கம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அடுத்தடுத்த ஆசியப் போட்டிகளிலும் தேவைப்பட்ட நாளில் கபடி ஆட்டம் முடியுமுன் நான் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் இந்தியா காப்பாற்றியது.

2002 பூசான் போட்டியின்போது பரமசிவம் ஓய்வுபெற்று, அவர் நாற்காலியில் நான் இருந்தேன். டெலிபிரின்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பஸ் நேரம் மட்டும் மாறவில்லை. மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வீரணன் முதல்முறையாக அலுவலகத்துக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. என் மேசையில் கையெழுத்துக்காகக் கபடிப் பக்கம் கிடந்தது. தலைப்பைப் படித்தார்.

"ஆட்டம் முடிஞ்சிருச்சாண்ணே?"

"இல்ல வீரணா. இன்னும் நடக்குது."

அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அன்னிக்கும் இப்பிடித்தானா?" என்றார். நான் தலையசைத்தேன். பிறகு சொன்னார். அன்றைக்கு அவர் ஊர் டெய்லர் சோணை கடையில் ரேடியோ ஓடியிருக்கிறது. மத்தியானச் செய்தியில் ஆட்டம் இன்னும் முடியவில்லை என்று சொன்னதாகச் சோணை வந்து சொல்லியிருக்கிறார். இந்தியா தோக்கணும்னு நெனைக்கிறியாடா என்று டீமே அவர் மேல் பாய்ந்திருக்கிறது. போனில் நான் கேட்ட அதட்டல் அதுதான். சோணைக்கு இடது காது அன்றோடு போனது. அந்த ரேடியோவை அவர் பிறகு தொடவே இல்லை. வீரணன் கல்யாணப் பத்திரிகையை மேசையில் வைத்தார். "பேப்பர்ல பொய் போடுவாகளாடான்னு கேட்டுக் கேட்டு அடிச்சோம்ணே."

*காலியாகப் போன கட்டம்*

அன்றைக்குக் கையெழுத்துப் போடவில்லை. அந்த இடத்தில் 'கபடி முடிவு நாளை' என்று போட்டுப் பக்கத்தை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் இந்தியா தங்கம் வாங்கியது. எங்களைத் தவிர மற்ற எல்லா வழியாகவும் ஊருக்கு அது தெரிந்தது. மறுநாள் நிர்வாகி கூப்பிட்டார், இந்த முறையும் உட்காரச் சொல்லவில்லை. "ஊரே தங்கம் வாங்கியாச்சு, நம்ம பேப்பர் மட்டும் வாங்கலையாய்யா?"

பெய்ஜிங் போட்டியின்போது அந்த ஸ்டூலில் உட்கார்ந்து நான் பயந்த தோல்வி வருவதற்கு இருபத்தெட்டு வருஷம் எடுத்துக்கொண்டது: 2018 ஆகஸ்ட் 23 அன்று, ஜகார்த்தா ஆசியப் போட்டியின் அரையிறுதியில், இந்திய ஆண்கள் கபடி அணி இரானிடம் தோற்றது.