கயிற்றுக்கு இந்தப் பக்கம்

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் ஆர்மோனியத்தோடு மலாயாவுக்குப் போய், ரப்பர் தோட்டங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பாடினேன். ஓரிடத்தில் வெள்ளைக்காரர் ஆலயத்தில் என்னை வாசிக்க வைத்தார்கள். பாட்டு முடிந்ததும், பிரசங்கத்துக்கு உள்ளே இருக்கவிடாமல் வெளியே உட்காரச் சொன்னார்கள்.

வாசலில் நின்ற தோட்டத் தொழிலாளி ஒருத்தி என் ஊரான காரிமங்கலத்துக்காரி என்று தெரிந்ததும், "கர்த்தர் வூட்டுலயே இப்படிப் பிரிக்கிறாங்களேம்மா" என்று குமுறினேன்.

அவள் தாழ்ந்த குரலில், "நம்மூரு வேதக் கோயில்ல எங்க சேரிச் சனத்தக் கயிறு கட்டித் தனியாத்தானே உக்கார வெச்சாங்க. அப்பவும் நீங்கதானுங்க ஆர்மோனியப் பொட்டி வாசிச்சீங்க" என்றாள்.

பத்து வருஷம் அந்தக் கயிற்றைப் பார்த்தபடிதான் வாசித்திருக்கிறேன். ஒருநாளும் உறுத்தியதில்லை. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஊர் திரும்பியதும் பெட்டியைக் கயிற்றைத் தாண்டி அவள் சனம் உட்காரும் பக்கம் கொண்டுபோய் வைத்து வாசித்தேன். கயிற்றை அவிழ்க்கச் சொல்லும் துணிச்சல் மட்டும் எனக்குக் கடைசிவரை வரவில்லை.