அத்தை கேட்ட கேள்வி

அத்தையின் கையில் அப்போது காபி டம்ளர் இருந்தது. டபராவில் ஆற்றிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, “அண்ணியோட கட்டியைத் தொட்டுப் பாத்தீங்களா டாக்டர்?” என்று கேட்டாள். மயிலாப்பூர் வீட்டின் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில். குரலை உயர்த்தவில்லை, சந்தேகத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளும் தொனியில்தான் கேட்டாள். ஆனால் அப்பா பேப்பரை மடக்கிய விதத்தைப் பார்த்ததும், நடக்கக்கூடாத ஒன்று நடந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் கல்லூரியில் சேர்ந்திருந்த புதிது.

டாக்டர் எங்கள் குடும்பத்துக்கு மருத்துவர் மட்டுமல்ல. அப்பா சிறுவனாக இருந்தபோது டைபாய்டு வந்து, பிழைக்கமாட்டார் என்று உறவினர்கள் முடிவு கட்டிவிட்ட நிலையில், தினமும் சைக்கிளில் வந்து பார்த்துக் காப்பாற்றியவர். அன்றிலிருந்து அவர் சொன்னால் சொன்னதுதான். அம்மா தன் மார்பில் கட்டி இருப்பதைப் பெரும் கூச்சத்துடன் அவரிடம் சொன்னபோது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே “வலிக்குதா?” என்றார். இல்லை என்றாள். “அப்ப வெறும் கொழுப்புக் கட்டி. இந்த வயசுல வர்றதுதான்” என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டே அம்மா ஒரு வருடத்தை ஓட்டினாள். மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது அவளால் கையைத் தூக்க முடியாததை வந்திருந்த அத்தைதான் கவனித்தாள். விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அதன் பிறகே அந்தக் கேள்வி.

டாக்டர் சிரித்தார். “உன் தங்கச்சி எப்பப்பா எம்.பி.பி.எஸ். முடிச்சா?” என்றார் அப்பாவிடம். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. தொட்டுப் பார்த்தேன் என்றோ, பார்க்கவில்லை என்றோ டாக்டர் சொல்லவே இல்லை என்பதை அந்தக் கூடத்தில் ஒருவரும் சுட்டிக்காட்டவில்லை.

அவர் போன பிறகு அப்பா அத்தையைப் பார்த்து, “புருஷனையே நம்பாம வந்தவ நீ. உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்தான். என் வீட்டுக்கு வந்து பெரியவங்களை அவமானப்படுத்தாதே” என்றார். அத்தை கல்யாணமான மூன்றாம் வருடமே கணவனை விட்டுப் பிரிந்து, மந்தைவெளியில் ஓர் அறையில் தனியாக இருந்தாள். அடையாறில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. அவள் என்ன சொன்னாலும், சொன்னதை விட்டுவிட்டுச் சொன்னவளின் வாழ்க்கையைப் பேச எங்கள் குடும்பம் பழகியிருந்தது. அத்தை டம்ளரைக் கொண்டுபோய் முற்றத்தில் கழுவி வைத்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

அப்பா கணிதப் பேராசிரியர். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குக் காரணமில்லாமல் தாண்டும் மாணவனைக் கரும்பலகை முன்னால் நிற்க வைத்துவிடுவார். அவருக்கு யோசிக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆனால் டாக்டர் விஷயத்தில் யோசிப்பதே நன்றிகெட்டத்தனம் என்று அவர் மனத்தில் எப்போதோ பதிந்துவிட்டது. முட்டாள்தனம் என்றால் திருத்தலாம். நன்றி என்கிற பெயரில் வருவதை எப்படித் திருத்துவது?

சில வாரங்கள் கழித்து அம்மா, ரவிக்கைத் துணி எடுக்கவேண்டும் என்று சொல்லி என்னை தி.நகருக்கு அழைத்துப் போனாள். பனகல் பூங்கா வாசலில் அத்தை காத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பெண் மருத்துவரைத் தன் அலுவலகத் தோழி மூலம் விசாரித்து வைத்திருந்தாள். ரங்கநாதன் தெருப் பக்கமிருந்து பைகளுடன் வந்துகொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே அம்மா நின்றுவிட்டாள்.

“எனக்கு ஒரு மாதிரி இருக்கு. டாக்டர் சொன்னது தப்புன்னு காட்டத்தான் போறோமோன்னு தோணுது. அவர் மூஞ்சியில அப்புறம் எப்படி முழிப்பேன்?”

“அவரைப் பத்தி யாரும் கேக்கப் போறதில்ல அண்ணி” என்றாள் அத்தை. “கட்டியைப் பத்தித்தான் கேக்கப் போறோம்.”

 அம்மா எங்களுக்கு முன்னால் நடந்தாள். அவள் வாழ்க்கையில் அதுவரை அப்பாவிடம் சொல்லாமல் எடுத்த முடிவு ஒன்றுகூட இல்லை.

புற்றுநோய். மார்பை எடுத்துவிட்டார்கள். முன்பே வந்திருந்தால் இவ்வளவு பரவியிருக்காது என்று அந்த மருத்துவர் அப்பாவிடம் நேரடியாகவே சொன்னார். அப்பா வீட்டுக்கு வந்து, “ஆரம்பத்துல கொழுப்புக் கட்டியாத்தான் இருந்திருக்கும். அப்புறம் மாறியிருக்கும்” என்றார். இப்படியொரு வரியை எந்த மாணவன் எழுதியிருந்தாலும் அடித்துப் போட்டிருப்பார். ஆஸ்பத்திரிக்கு டாக்டர் பார்க்க வந்தபோது அப்பா எழுந்து இடம் கொடுத்தார். அத்தை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வா என்று அவர் கூப்பிடவில்லை. அத்தை தவறாகச் சொல்லியிருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பார். சரியாகச் சொன்னதுதான் பெரிய குற்றமாகிவிட்டது.

அம்மா மட்டும் மாறினாள். என் கல்யாணத்துக்கு அத்தையை அழைக்கவேண்டாம் என்று அப்பா சொன்னபோது, “ஏன்? காரணத்தைச் சொல்லுங்க” என்று கேட்டாள்.  அவளே மந்தைவெளிக்குப் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு வந்தாள்.

தொண்ணூறுகள் முடிவதற்குள் நோய் எலும்பில் திரும்பி வந்தது. அம்மா போய்விட்டாள். அன்று கூடம் நிறைய மனிதர்கள். துக்கம் விசாரித்த ஒரு சக பேராசிரியரிடம் அப்பா சொன்னார்: “முதல்லயே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நான்தான் பிடிவாதமா வேற டாக்டர்கிட்ட காட்டச் சொன்னேன். அதனாலதான் இத்தனை வருஷமாவது இருந்தா.”

அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அதை அவர் முழுமையாக நம்பினார்.  அத்தை சுவரோரம் உட்கார்ந்து, யாரோ கொண்டுவந்த மாலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் காதிலும் விழுந்தது. கை நிற்கவில்லை.

துக்க வீட்டில் அப்பாவை மறுத்துப் பேசுவதா என்ற தயக்கம் எழுந்தது. இருந்தும், “இல்லப்பா. அத்தைதான் சொன்னா. நீங்க அவளைத் திட்டி அனுப்பினீங்க” என்றேன்.

 வந்தவர் தரையைப் பார்த்தார். அப்பா என்னை யாரோ அந்நியரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் அத்தையை பஸ் நிறுத்தம்வரை கொண்டு விட்டேன். நன்றி சொல்வாள் என்றோ அழுவாள் என்றோ எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.  பஸ் வந்து, படியில் கால் வைக்கும்போதுதான் திரும்பினாள்.

“சொல்லிட்டே. இனிமே உன்னையும் அவங்க விடமாட்டாங்க.”

இப்போது அத்தையும் இல்லை. அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நான் போனால் என் தம்பியைக் கூப்பிட்டு, என் காதில் விழும்படியே, “சந்தேகம் கேக்கறவ வந்திருக்கா, பாரு” என்கிறார்.