போடப் போடப் பழகிடும்

மூக்குக்கண்ணாடிக் கடையின் கவுண்டரில் நிற்பவனுக்குப் பவர் கணக்குத் தெரியாவிட்டாலும் பிழைப்பு ஓடும். ‘போடப் போடப் பழகிடும்’ என்ற மந்திரம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். தலை சுற்றுகிறதா? பழகிடும். தரை குழியாகத் தெரிகிறதா? பழகிடும். கவுண்டரில் நின்று காலம் தள்ளும் சக பாவிகளே, உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு மந்திரம் இல்லாமலா போகும்? மைசூரில் நான் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தேன், செல்வி வரும்வரை.

வெளியே வந்த ஃபிட்டர்

லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் மாட்டும் ஃபிட்டர், கஸ்டமர் கண்ணில் படாமல் உள்ளறையிலேயே இருப்பதுதான் எங்கள் வழக்கம். புதிதாகச் சேர்ந்த ஃபிட்டர் செல்வி, மாதேஸ்வரன் மலைப் பக்கத்துக் கௌதள்ளிக்காரி. அடக்க ஒடுக்கமெல்லாம் கிடையாது. “என்னாட்டம் லென்ஸ் மாட்ட இந்த மைசூர்ல ஆளில்லீங்ணா” என்று என்னிடமே பீற்றிக்கொள்வாள்.

ஒருநாள் சரஸ்வதிபுரத்திலிருந்து ஒரு மாமி வந்தார், ரிடையரான டீச்சர். மேலே தூரத்துக்கு, கீழே படிக்க என்று நடுவில் கோடு போட்ட கண்ணாடி வாங்கியிருந்தார். மாடிப்படி இறங்கும்போது கால் வைக்கும் இடம் தெரியவில்லை என்றார். நான் வழக்கமான மந்திரத்துக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் செல்வி ஈரக் கையோடு வெளியே வந்து, மாமியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். “கோடு மேல ஏறிருச்சுங்க. நான்தானுங்க தப்பா வச்சுட்டேன். குடுங்க, வேற போட்டுத் தர்றேன்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு ஃபிட்டர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. மாமியோ கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாக் கடையிலயும் என் கண்ணைத்தான் தப்பு சொல்வா. இவ ஒருத்திதான் தன் கையைச் சொல்றா!”

பாவம், மிஷின்

மாமி போனதும் முதலாளி செல்வியைக் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை, ஆனால் கடைப் பெயர் என்றால் உயிரை விடுவார். “தப்புன்னு நம்ம வாயால சொல்லக் கூடாதும்மா. கேட்டா மிஷின் மேல போடு, அது கோவிச்சுக்காது. இன்னொரு தடவை கஸ்டமர் முன்னால வந்து இப்படிச் சொன்னே, கௌதள்ளிக்கு பஸ் ஏறிட வேண்டியதுதான்” என்றார்.

செல்வியின் சம்பளத்தில்தான் ஊரில் அவள் தங்கை நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். இனி வாயை மூடிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஈரக் கையைத் துணியில் துடைத்தபடி சொன்னாள்:

“என் கை சொன்னதைத்தானுங்க அது பண்ணுச்சு. பாவம், அதை எதுக்குங்க இழுக்கறது?”

டிரேயில் கிடந்த லென்ஸ்

பிறகு கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. ஒரு சாயங்காலம் அனூர்ப் பக்கத்து பஸ் டிரைவர் ஒருவர் புதுக் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தார். “இந்தப் பக்கம் ரோடு கொஞ்சம் தூக்கிட்டுத் தெரியுதுங்க. நாளைக்கு மத்தியானம் கொள்ளேகாலத்துல இருந்து மாதேஸ்வரன் மலைக்கு வண்டி எடுக்கோணும்” என்றார். நான் யோசிக்கக்கூட இல்லை. பழகிடும் என்றேன்.

மறுநாள் காலையில் வேறொருவரின் லென்ஸை மாட்ட எடுத்த செல்வி, அதன் பவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அது டிரைவரின் இடது கண்ணுக்கு உரியது. இரண்டு பேரின் லென்ஸ் டிரேயையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றி எடுத்திருக்கிறாள். டிரைவருக்குப் போன் போட்டோம். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. முதலாளி பெங்களூர் போயிருந்தார். சாயங்காலம் டிரைவரே திருப்பிக் கூப்பிடுவார், சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம் என்றேன். செல்வி அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள்.

“மலை ரோட்டு வளைவுல போய்ப் பழகிக்கச் சொல்றீங்களாண்ணா?”

கொள்ளேகாலம் பஸ் ஸ்டாண்ட்

ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு நானும் கூடவே பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது மலை வண்டி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே நிற்க இடமில்லை. மடியில் குழந்தையும் காலடியில் பையுமாக பக்தர்கள். செல்வி முண்டியடித்து டிரைவர் பக்கத்தில் போய் நின்றாள். “அண்ணா, அந்தக் கண்ணாடியைக் கழட்டுங்க. இடது கண்ணுக்கு வேற ஆளு லென்ஸை மாட்டிப்போட்டேன். எனக்கு நல்லா வேலை தெரியும், ஆனா இது என் தப்புத்தானுங்க” என்றாள். பஸ்ஸில் பாதிப் பேருக்காவது கேட்டிருக்கும்.

ஒரு பெரியவர் கன்னடத்தில் கத்த ஆரம்பித்தார். செல்வி தலை குனியவில்லை, பதிலுக்கும் போகவில்லை. திட்டை வாங்கிக்கொண்டு நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முதலாளி காதுக்குப் போனால் வேலை போகும் என்று தெரிந்தேதான் அத்தனை பேர் நடுவில் சொன்னாள். டிரைவர் பையிலிருந்து பழைய கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் அவர் கண்ணில் நான் பட்டேன். புதுக் கண்ணாடியை என் கையில் வைத்தார்.

“இதைப் போட்டுட்டு இந்தப் படிய இறங்குங்க சார், பழகுதான்னு பாக்கலாம்.”

ஆணியில் தொங்கிய பை

போட்டுக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படியில் கால் இடறியது. செல்விதான் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் முதலாளி வருவதற்குள் விஷயம் எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. வந்ததும் முதல் கேள்வி, கடையை ஏன் பூட்டினீர்கள், தப்பு யாருடையது என்பதுதான். செல்வி நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய தன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நான் வழக்கம்போல “அது வந்து சார்…” என்று இழுத்தேன். தொண்டையைச் செருமினேன். பிறகு எப்படியோ வந்துவிட்டது: “என் தப்பும்தான் சார். ரோடு சரியாத் தெரியலைன்னு அவர் சொன்னார். பழகிடும்னு அனுப்பி வச்சது நான்.” முதலாளி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மிஷின் மேல போடச் சொன்னவன் நான். இப்படியே போனா அடுத்து நானும்ல ஒத்துக்கணும்! பையை ஆணியில மாட்டும்மா செல்வி.”

கண்ணாடி பழகுகிறதோ இல்லையோ, ‘என் தப்பு’ என்பது மட்டும் எனக்கு இன்னும் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் வருகிறது.