‘ஸ்டே’ என்று சொன்னவர்

சவரிமுத்து ஆசிரியர் காலமான செய்தி வந்தபோது ஈப்போவின் புந்தோங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவரிடம் கேட்க வைத்திருந்த கேள்வியை இனி யாரிடம் கேட்பது?

எங்கள் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஈப்போ பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்து, ஓய்வு பெற்றபின்னும் தோட்டத்திலேயே குடியிருந்தவர். அவரால் தலையெடுத்த பிள்ளைகள் பலர். என் மகனும் ஒருவன். தோட்டம் கைமாறி, தொழிலாளர்களின் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது அவரே எங்கள் குழுத் தலைவர், நான் செயலாளர். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலிலேயே கூட்டம் நடக்கும். வீட்டைக் காலி செய்யச் சம்மதித்து யாரும் தனியாகக் கையெழுத்துப் போடுவதில்லை, போட்டால் எல்லோரும் ஒரே நாளில் என்று அந்தோணியார் சுரூபத்தைத் தொட்டு வாக்குக் கொடுத்தோம். முதலில் தொட்டவர் அவர்.

சம்பந்தமே இல்லாத இரண்டு ஆங்கிலச் சொற்களை எடுத்து ஒப்பிட்டுப் பேசுவது அவர் வழக்கம். அன்று எடுத்தவை ‘சைன்’, ‘ஸ்டே’.

“சைன்னா கையெழுத்து. அதுக்கு ஒரு ஆள் போதும். ஸ்டேன்னா இருக்கிறது. அடுத்தவங்கள ஸ்டேன்னு சொல்லிட்டா, சொன்னவனும் கூட இருக்கணும்லா” என்றார். பலர் கண் கலங்கினார்கள். நானுந்தான்.

சில வாரங்களில், ஒரு காலை அவர் வாசலில் லோரி நின்றது. கட்டில், அலமாரி எல்லாம் ஏற்றியாகிவிட்டது.

“என்ன அண்ணே இது?”

“சைன் பண்ணிட்டேன் தங்கச்சி. மக ஈப்போல வீடு பாத்துட்டா. நீங்க இருங்க, விட்டுடாதீங்க.”

“நீங்க இல்லாமலா?”

லோரியில் ஏறி உட்கார்ந்தார். அதன்பின் ஒவ்வொரு குடும்பமாகப் போனது. கடைசியாக இடித்தது என் வீட்டை. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவரிடம் நான் கேட்கவே இல்லை. அவர் செய்ததற்குத் துரோகம் என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்திரேலியாவிலிருந்து அவர் மகன் வரவேண்டி, ஈப்போ வீட்டில் சவப்பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். மதியம் எல்லோரும் சாப்பிட எழுந்தார்கள்.

“வாங்க அத்தை, சாப்பிட்டு வந்திரலாம்” என்றாள் அவர் மகள்.

“நீ போம்மா. நான் இருக்கேன்.”

செபமாலை சுற்றிய கைகள் நெஞ்சின்மேல் இருந்தன. சுரூபத்தை முதலில் தொட்ட கையும் அவற்றில் இருந்தது. அவர்கள் திரும்பி வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

உங்களை மன்னித்தேனா என்று தெரியவில்லை, அண்ணே. ஆனால் இருந்தேன். போய் வாருங்கள்.