வெள்ளைப் பூ, மஞ்சள் பூ

எங்கள் பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி அக்காவுக்கு உதவி செய்ய வேண்டுமானால் முதலில் அவரிடம் திட்டு வாங்கத் தயாராக இருக்க வேண்டும். கம்பு ஊன்றி நடக்கிறாரே என்று பசாரில் அவர் கையிலிருந்து காய்கறிப் பையை வாங்கப் போவேன். வேலையைப் பார்க்கச் சொல்லி விரட்டுவார். எங்கள் வட்டாரமான டத்தோ கிராமாட்டில் இப்படித் திட்டு வாங்காதவர்கள் குறைவு.

மூன்று வருடங்களுக்கு முன் பேருந்துச் சுற்றுலாவில் வெளிநாடு போயிருந்தார். அங்கே ஒரு சந்தையில் பயங்கரவாதிகள் வைத்த குண்டு வெடித்து, அக்காவின் முழங்காலில் இரும்புத் துண்டு பாய்ந்தது. ஆனால் அக்கா தொழிற்சாலையில் முதலுதவிப் பயிற்சி பெற்றவர். தவழ்ந்தே போய், உடன் வந்திருந்த முகம்மது கனியின் நசுங்கிய வலது கையைத் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினார். அவர் மயங்கிவிடக் கூடாதென்று ஆம்புலன்ஸ் வரும்வரை திட்டிக்கொண்டே இருந்தார். கை போனது, உயிர் தங்கியது. குண்டைவிட அந்தத் திட்டுதான் பயமாக இருந்தது என்று கெலுகோரில் தன் நாசி கண்டார் சோற்றுக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கனி அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

இந்த வருடம் ஜார்ஜ் டவுனில் அரசாங்கமே அந்தக் குண்டுவெடிப்புக்கு நினைவு நாள் நடத்தியது. காயம்பட்டவர்களுக்கு வெள்ளைப் பூ, உதவியவர்களுக்கு மஞ்சள் பூ, தனித்தனி வரிசை. அக்கா கேட்டது மஞ்சள். ஒருவருக்கு ஒரு வரிசைதான், நீங்கள் ‘மங்சா’ என்று அதிகாரி நோர்மா போனில் பணிவாகச் சொன்னார். மலாயில் மங்சா என்றால் பாதிக்கப்பட்டவர். புலிக்குச் சிக்கிய இரையும் மங்சாதான். கேட்க வேண்டுமா? அக்கா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

குதித்து ஓய்ந்தபின் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “எல்லாரும் என் முட்டியத்தான் பாக்குறாங்க தம்பி. அன்னிக்கு நான் என்ன செஞ்சேன்னு ஒருத்தரும் கேக்கல லா.” எனக்கு மனசு கேட்கவில்லை. நானே காரில் அழைத்துப் போனேன்.

வெள்ளைப் பூவோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறந்தவர்களுக்காக எல்லாரும் எழுந்து நின்றபோது வாய்விட்டு அழுதார்.

பிறகு காயம்பட்டவர்கள் சார்பில் நினைவுச் சின்னம் வாங்க முகம்மது கனியை அழைத்தார்கள். மேடைப் படியருகே போனவர் அப்படியே நின்றுவிட்டார். மேலே பெரிய மனிதர் சின்னத்தை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவரிடம் போய் இடது கையால் வாங்குவதா? தமிழரோ மலாய்க்காரரோ, இந்த ஊரில் எந்தப் பிள்ளையும் அப்படி வளர்க்கப்படுவதில்லை. இரண்டாம் முறை அழைத்தார்கள். கனி அண்ணன் தலை குனிந்தபடி திரும்பி நடக்கப் பார்த்தார்.

அக்கா கம்பைக்கூட எடுக்கவில்லை. நொண்டிக்கொண்டே போய் அவர் முழங்கையைப் பிடித்தார். “வாங்கண்ணே.”

இருவரும் ஏறினார்கள். அவருடைய இடது கையை ஒட்டி அக்கா தன் வலது கையை நீட்டினார். இரண்டு கையுமாகச் சின்னத்தை வாங்கினார்கள்.

அறிவிப்பாளர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கூட வந்த அம்மா யார் என்று கேட்டார். கனி அண்ணன் ஒலிவாங்கியிடம் குனிந்து மலாயில் சொன்னார்: “அன்றைக்கு என்னைக் காப்பாற்றியவர். இன்றைக்கும்தான்.”

அரங்கமே எழுந்து கைதட்டியது. அக்காவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

“போதும்ணே, படிய பாத்து எறங்குங்க” என்று அவரை அதட்டினார். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.